நீரோ பிடில் வாசித்தாரா? ரோமப் பேரரசர்களின் வாழ்க்கையை மூல நூல்களிலிருந்து படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆட்சியில் இருப்பவர்களை மேடையில் சாட வேண்டுமென்றால் நம் ஊரில் தவறாமல் வந்து நிற்கும் வரி ஒன்று உண்டு: 'ரோமாபுரி பற்றி எரிந்தபோது நீரோ மன்னன் பிடில் வாசித்தான்.' எந்தக் கட்சிக்காரரும் இதை விட்டுவைத்ததில்லை. ஆனால் நீரோ இறந்தது கி.பி. 68இல். பிடில் என்ற கருவி உருவானது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து. அப்படியானால் இந்தக் கதையை முதலில் எழுதியவர் யார்? தீப்பற்றிய அன்று அந்த எழுத்தாளர் எங்கே இருந்தார்? எழுதும்போது ஆட்சியில் இருந்தவர் யார்?

இந்த மூன்று கேள்விகளோடு மூல நூல்களைத் திறந்தால், ரோம வரலாறு வேறு விதமாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். லத்தீனும் கிரேக்கமும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பழைய நூல்கள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. படிக்கும் முறைதான் முக்கியம். அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: மூன்று பேரை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்

எடுத்த எடுப்பில் இருபது ஆசிரியர்களைத் தேடிப் போக வேண்டாம். முதல் நூற்றாண்டுப் பேரரசர்களுக்கு மூன்று பேர் போதும்.

முதலாமவர் சூட்டோனியஸ். ஜூலியஸ் சீசரில் தொடங்கி டொமிஷியன் வரை பன்னிரண்டு பேரின் வாழ்க்கையை, கி.பி. 120ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதினார். பேரரசர் ஹேட்ரியனின் கடிதப் போக்குவரத்தைக் கவனித்த செயலர் இவர். அகஸ்டஸின் சொந்தக் கடிதங்களைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார். வரி முடிவில் இடம் போதாவிட்டால், மிச்சமுள்ள எழுத்துகளை அகஸ்டஸ் அடுத்த வரிக்குக் கொண்டுபோக மாட்டாராம். அந்தச் சொல்லுக்குக் கீழேயே எழுதி ஒரு வளையம் போட்டுவிடுவாராம். கடிதத்தை நேரில் பார்த்தவருக்கு மட்டுமே இது தெரியும். நான் சூட்டோனியஸை விரும்பிப் படிப்பதே இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை: அவர் ஆண்டு வரிசையில் எழுதுவதில்லை. பிறப்பு, பதவி, போர், கட்டடங்கள், கொடுமைகள், உணவு, தோற்றம், சாவின் சகுனங்கள் என்று தலைப்பு வாரியாகப் பிரித்து எழுதுகிறார். இருபது ஆண்டு ஆட்சியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்த கொடுமைகள் ஒரே பத்தியில் குவிந்துகிடக்கும். படிக்கும்போது, அந்த மனிதர் தினமும் காலையில் எழுந்து இதையேதான் செய்துகொண்டிருந்தார் என்று தோன்றிவிடும்.

இரண்டாமவர் டாசிட்டஸ். ரோமின் ஆட்சி மன்றமான செனட்டின் உறுப்பினர், கி.பி. 97இல் அங்கே மிக உயர்ந்த பதவியான கான்சல் பதவியை வகித்தவர். இவருடைய 'அன்னல்ஸ்' அகஸ்டஸின் மறைவிலிருந்து ஆண்டுவாரியாகப் போகிறது; 'ஹிஸ்டரீஸ்' நூலில் கி.பி. 69, 70 ஆண்டுகளின் கதை மட்டும் எஞ்சியிருக்கிறது. 'அன்னல்ஸ்' நூலின் முதல் பகுதி ஒரே ஒரு ஒன்பதாம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி வழியாகவும், பின்பகுதி ஒரே ஒரு பதினொன்றாம் நூற்றாண்டுப் பிரதி வழியாகவும் நம்மிடம் வந்து சேர்ந்தன. இரண்டும் இன்று ஃப்ளாரன்ஸ் நகர நூலகத்தில் உள்ளன. நடுவில் பெரிய ஓட்டை: கலிகுலாவின் நான்கு ஆண்டுகளும், கிளாடியஸின் தொடக்க ஆண்டுகளும் தொலைந்துவிட்டன. நீரோவின் கடைசி இரண்டு ஆண்டுகளும் இல்லை. ஓலைச்சுவடிகள் கரையானுக்குப் போன கதை தெரிந்த நமக்கு இந்த வலி புதிதல்ல.

மூன்றாமவர் காசியஸ் டியோ. இன்றைய துருக்கியின் வடமேற்கில் உள்ள நைசியா ஊர்க்காரர், கிரேக்க மொழியில் எழுதியவர், கி.பி. 229இல் இரண்டாம் முறை கான்சல் ஆனவர். பத்து ஆண்டுகள் தகவல் திரட்டி, பன்னிரண்டு ஆண்டுகள் எழுதியதாக அவரே சொல்கிறார். மொத்தம் 80 புத்தகங்கள். அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ஓரளவு முழுமையாக இருக்கிறது. மற்றவை பைசாந்தியத் (கிழக்கு ரோமப் பேரரசின்) துறவிகள் 11, 12ஆம் நூற்றாண்டுகளில் செய்த சுருக்கங்களாகவே கிடைக்கின்றன. ஆகவே 'டியோ சொன்னார்' என்று மேற்கோள் காட்டும் முன், அது டியோவின் வாயா, அவரைச் சுருக்கியவரின் வாயா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எண்களைப் படிக்கப் பழகுங்கள்

சிறிய விஷயம்தான், ஆனால் இது தெரியாமல் பலர் தடுமாறுகிறார்கள். பழைய நூல்களைப் பக்க எண்ணால் குறிப்பிடுவதில்லை. 'அன்னல்ஸ் 15.39' என்றால் பதினைந்தாம் புத்தகம், முப்பத்தொன்பதாம் அத்தியாயம். குறள் எண் சொன்னால் எந்தப் பதிப்பிலும் அந்தக் குறளை எடுத்துவிடலாமே, அப்படித்தான் இதுவும். யாராவது ஒரு கதையைச் சொல்லி இந்த எண்ணைச் சொல்லாவிட்டால், அந்த எண்ணைக் கேளுங்கள். பாதிக் கதைகள் அங்கேயே நின்றுவிடும்.

இணையத்தில் லாகஸ்கர்ட்டியஸ் தளத்தில் சூட்டோனியஸ், டியோ இருவரும் ஆங்கிலத்தில் முழுமையாக இருக்கிறார்கள். அச்சு நூல் வேண்டுமென்றால் லோப் (Loeb) நூல்வரிசை: இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் மொழிபெயர்ப்பு. கிரேக்கத்துக்குப் பச்சை அட்டை, லத்தீனுக்குச் சிவப்பு அட்டை.

மூன்றாம் படி: எழுதியபோது ஆட்சியில் இருந்தவர் யார் என்று பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேரரசரின் பெயர் அவருக்குப் பின் வந்தவரின் தயவில் இருந்தது. அகஸ்டஸுக்குப் பின் அவர் தத்தெடுத்த டைபீரியஸ் வந்தார், அகஸ்டஸ் தெய்வமானார். வெஸ்பாசியனுக்குப் பின் மகன் டைட்டஸ் வந்தார்; வெஸ்பாசியனும் தெய்வமானார். கலிகுலா வெட்டிக் கொல்லப்பட்டார், நீரோ வேறு வழியின்றித் தற்கொலை செய்துகொண்டார், டொமிஷியன் கி.பி. 96இல் அரண்மனைக்குள்ளேயே குத்திக் கொல்லப்பட்டார். மூவரும் இன்றுவரை அரக்கர்கள்தான். அவர்கள் நல்லவர்கள் என்று நான் வாதாடவில்லை. அவர்களுக்காகப் பேசுவதால் யாருக்கும் லாபம் இல்லாமல் போயிற்று என்கிறேன்.

இதை டாசிட்டஸே 'அன்னல்ஸ்' முதல் அத்தியாயத்தில் ஒப்புக்கொள்கிறார். டைபீரியஸ், கலிகுலா, கிளாடியஸ், நீரோ ஆகியோரைப் பற்றி அவர்கள் உயிரோடு இருந்தபோது எழுதியவர்கள் பயத்தால் பொய் சொன்னார்கள்; அவர்கள் விழுந்தபின் எழுதியவர்கள் ஆறாத வெறுப்பில் எழுதினார்கள் என்பது அவர் கருத்து. யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸும் நீரோவைப் பற்றி இதையேதான் சொல்கிறார்: சலுகை பெற்றவர்கள் புகழ்ந்தார்கள், பகை கொண்டவர்கள் வெட்கமில்லாமல் பொய் எழுதினார்கள். நீரோவைப் புகழ்ந்த அந்த நூல்களில் ஒன்றுகூட நம்மிடம் இல்லை.

டொமிஷியன் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். செனட் உறுப்பினர் இளைய பிளினி கி.பி. 100இல் பேரரசர் டிராஜன் முன்னிலையில் ஆற்றிய புகழுரையில், டிராஜனை உயர்த்துவதற்காகவே டொமிஷியனை மீண்டும் மீண்டும் மிதிக்கிறார். அதே பிளினி டொமிஷியன் ஆட்சியில் பதவிகளில் உயர்ந்தவர். டாசிட்டஸும் அப்படியே. ஆனால் டாசிட்டஸ் அதை 'ஹிஸ்டரீஸ்' தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்: என் பதவி உயர்வு வெஸ்பாசியன் காலத்தில் தொடங்கியது, டொமிஷியன் காலத்தில் மேலும் வளர்ந்தது என்று. இந்த ஒரு வாக்கியத்துக்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

நான்காம் படி: ஒரே நிகழ்ச்சியை மூவரிடமும் படியுங்கள்

ஒரு நோட்டை எடுத்து மூன்று பத்திகளாகக் கோடு போடுங்கள். மேலே மூன்று பெயர்கள். இப்போது கி.பி. 64 ஜூலையில் ரோமில் பற்றிய பெருந்தீயை எடுத்துக்கொள்வோம்.

டாசிட்டஸ் அப்போது எட்டு வயதை ஒட்டிய சிறுவன். அவர் எழுதியது இது: தீப்பற்றியபோது நீரோ நகரிலேயே இல்லை, ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் ஆன்ட்டியத்தில் இருந்தார். தீ தன் மாளிகையை நெருங்கிய பிறகே திரும்பினார். வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டார், கொட்டகைகள் போட்டுக் கொடுத்தார், தானிய விலையை மூன்று செஸ்டர்ஸாக (ரோம நாணயம்) குறைத்தார். இத்தனை செய்தும் மக்கள் மனம் ஆறவில்லை, ஏனென்றால் நகரம் எரிந்துகொண்டிருந்தபோதே வீட்டுக்குள் மேடையேறி, கிரேக்கப் பழங்கதையில் வரும் டிராய் நகரின் அழிவைப் பாடினார் என்று ஒரு வதந்தி பரவியிருந்தது. 'வதந்தி' என்பது டாசிட்டஸின் சொல். தீ தற்செயலா, பேரரசரின் சூழ்ச்சியா என்பது உறுதியில்லை, இரண்டையும் சொன்ன ஆசிரியர்கள் உண்டு என்றும் எழுதிவிட்டார்.

சூட்டோனியஸ் தீக்குப் பின் பிறந்தவர். அவரிடம் வதந்தி என்ற சொல் காணாமல் போகிறது. நீரோவே வெளிப்படையாகத் தீ வைத்தார். மேசினாஸ் தோட்டத்துக் கோபுரத்தில் ஏறி, 'தீயின் அழகில்' மகிழ்ந்து, மேடை உடையில் டிராயின் அழிவை முழுவதும் பாடினார்.

நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து டியோ எழுதும்போது இடம் அரண்மனைக் கூரையாகிவிட்டது. நீரோ யாழிசைக் கலைஞரின் உடையில் நிற்கிறார்.

நோட்டில் மூன்று பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டுக்குள் மேடை, பிறகு கோபுரம், பிறகு அரண்மனைக் கூரை. முதலில் வதந்தி, பிறகு உண்மை. யாழ் எப்போது பிடிலானது என்பது ஐரோப்பியர்களின் பின்னாளைய கதை. ஒரு பேச்சு எப்படி வரலாறாகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் வேறு கிடைப்பது அரிது. மூவரும் ஒத்துப்போவதையும் குறியுங்கள்: தீ உண்மை, நீரோவின் பாட்டுப் பைத்தியம் உண்மை, அவர்மேல் நகரம் சந்தேகப்பட்டதும் உண்மை.

ஐந்தாம் படி: 'சொல்கிறார்கள்' எங்கே, 'பார்த்தேன்' எங்கே

பென்சிலால் அடிக்கோடிடுங்கள். கலிகுலா தன் குதிரையைக் கான்சல் ஆக்கினார் என்ற கதையை எல்லோரும் கேட்டிருப்போம். சூட்டோனியஸ் எழுதியதோ, கான்சல் ஆக்க எண்ணியிருந்ததாகச் 'சொல்லப்படுகிறது' என்பது மட்டுமே. டியோவும் அப்படி வாக்களித்தார் என்ற அளவில் நிற்கிறார். குதிரை பதவியேற்றதாக இருவருமே எழுதவில்லை.

அதே சூட்டோனியஸ் சான்றைத் தோண்டும்போது எவ்வளவு கவனமானவர் என்பதைக் கலிகுலா வரலாற்றின் எட்டாம் அத்தியாயத்தில் பாருங்கள். கலிகுலா பிறந்த ஊர் எது? கேட்டுலிகஸ் என்பவர் டிபுர் என்கிறார். அது ஹெர்குலிஸின் புனித ஊர், இளம் பேரரசருக்குப் பெருமை சேர்க்கச் சொன்ன பொய் என்று மூத்த பிளினி (இளைய பிளினியின் மாமா) தள்ளிவிட்டதைச் சூட்டோனியஸ் எடுத்துச் சொல்கிறார். அந்தப் பிளினியோ ஜெர்மானிய எல்லையில் ஒரு சிற்றூர் என்கிறார். கலிகுலாவின் தாய் ஆக்ரிப்பினாவின் பிரசவத்துக்காக அங்கே எழுப்பிய பலிபீடங்களைச் சான்றாகக் காட்டுகிறார். அந்தப் பீடங்கள் மகள்களின் பிறப்பைக் குறிக்கலாமே என்று சூட்டோனியஸ் மறுக்கிறார். பிறகு அகஸ்டஸின் கடிதம் ஒன்றை எடுத்து வைக்கிறார்: குழந்தை கலிகுலாவை ரோமிலிருந்து தாயிடம் அனுப்பும் ஏற்பாடு அதில் இருக்கிறது, ஆகவே குழந்தை எல்லையில் பிறந்திருக்க முடியாது. கடைசியாக அரசுப் பதிவேட்டைப் பார்த்து, ஆன்ட்டியம் என்று முடிக்கிறார். இன்றைய ஆராய்ச்சி மாணவர்கள் உரக்கப் படிக்க வேண்டிய பக்கம் இது.

இன்னொரு இடம். நீரோவின் கவிதைகள் நண்பர்கள் கூடி ஒட்டவைத்தவை என்கிறார் டாசிட்டஸ். சூட்டோனியஸ் இதை மறுக்கிறார்: நீரோவின் கையெழுத்தில் உள்ள குறிப்பேடுகள் என் கைக்கு வந்தன, அவற்றில் அடித்தலும் திருத்தலும் இடைச்செருகலும் நிறைய இருந்தன, பிறர் சொல்லி எழுதியவை அப்படி இருக்காது என்று. வதந்திக்காரர் என்று பலர் ஒதுக்கும் சூட்டோனியஸ் இந்த இடத்தில் டாசிட்டஸைவிட நம்பத்தக்கவர். யாரையும் மொத்தமாக நம்பவோ ஒதுக்கவோ வேண்டாம். இடத்துக்கு இடம் எடை போடுங்கள்.

கண்ணால் பார்த்தவர் எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு டியோ. கி.பி. 192இல் பேரரசர் கொமோடஸ் அரங்கத்தில் ஒரு தீக்கோழியின் தலையை வெட்டி, ஒரு கையில் தலையும் மறு கையில் ரத்தம் சொட்டும் வாளுமாகச் செனட் உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் வந்தார். ஒன்றும் பேசவில்லை, இளித்தபடி தலையை ஆட்டினார், உங்களுக்கும் இதுதான் என்பது போல. பலருக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்திருந்தால் அங்கேயே வெட்டு. டியோ தன் மாலையிலிருந்த லாரல் இலைகளைப் பறித்து வாயில் போட்டு மென்றார், பக்கத்தில் இருந்தவர்களையும் மெல்லச் சொன்னார். அசையும் தாடை சிரிப்பை மறைத்தது. பயத்திலும் சிரிப்பு வரும் என்பதை அங்கே உட்கார்ந்திருந்தவர் மட்டுமே எழுத முடியும்.

ஆறாம் படி: கல்லிலும் வெண்கலத்திலும் சரிபாருங்கள்

நூல்களைப் பிரதி எடுத்தவர்கள் மாற்றியிருக்கலாம். வெண்கலத்தில் வெட்டியது அன்றைய சொல்லாகவே நிற்கும்.

கி.பி. 48இல் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுத் தலைவர்களைச் செனட்டில் சேர்க்கக் கோரி கிளாடியஸ் பேசினார். டாசிட்டஸ் அந்தப் பேச்சைத் தருகிறார்: கச்சிதம், கம்பீரம். 1528இல் பிரான்சின் லியோன் நகரில் அதே பேச்சு பொறித்த வெண்கலத் தகடு கிடைத்தது. அதில் பேசும் கிளாடியஸ் வேறு மனிதர்: பழைய எட்ருஸ்க மன்னர்களின் பெயர்க் கதைக்குள் புகுந்துவிடுகிறார், வழிதவறுகிறார், நடுவில் 'டைபீரியஸ் சீசர் ஜெர்மானிகஸே, உன் பேச்சு எங்கே போகிறது என்று சபைக்குச் சொல்லும் நேரம் வந்துவிட்டது' என்று தன் பெயரைச் சொல்லித் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். டாசிட்டஸ் கருத்தைக் காப்பாற்றினார், குரலைத் தன்னுடையதாக்கினார். ஆகவே பழைய நூல்களில் மேற்கோள் குறிக்குள் வரும் எந்தப் பேச்சையும் அச்சு அசலானது என்று நம்பாதீர்கள்.

சில நேரம் சான்று டாசிட்டஸ் பக்கமும் நிற்கும். டைபீரியஸின் தத்துமகன் ஜெர்மானிகஸின் சாவுக்குக் காரணம் என்று குற்றம் சாட்டப்பட்ட பீசோவின் மனைவி பிளான்சினா, ராஜமாதா லிவியாவின் தலையீட்டால் தப்பினார் என்று அவர் எழுதியது அரண்மனைக் கிசுகிசு போலவே இருக்கும். ஸ்பெயினில் கிடைத்து 1996இல் வெளியான கி.பி. 20ஆம் ஆண்டின் செனட் தீர்மானம் அதையே மறைக்காமல் பதிவுசெய்திருக்கிறது.

அகஸ்டஸ் தன் சாதனைகளைத் தானே எழுதிய 'ரெஸ் கெஸ்டே' அங்காராவில் ஒரு கோயில் சுவரில் லத்தீனிலும் கிரேக்கத்திலும் இருக்கிறது. 35 சிறு அத்தியாயங்கள்தான், ஒரே அமர்வில் படித்துவிடலாம். எதிரிகள் ஒருவரையும் பெயர் சொல்லாமல் உள்நாட்டுப் போரை எப்படி எழுதினார் என்பதைக் கவனியுங்கள்.

ஏழாம் படி: 'ஹிஸ்டோரியா ஆகஸ்டா'வைக் கடைசியில் திறங்கள்

ஹேட்ரியன் முதல் கி.பி. 280கள் வரையிலான பேரரசர்களுக்கு இந்தத் தொகுப்பை விட்டால் வேறு கதியில்லாத இடங்கள் உண்டு. ஆறு பேர் எழுதியது போல் காட்டிக்கொள்கிறது. 1889இல் ஹெர்மன் டெசாவ் என்ற ஜெர்மானிய அறிஞர், இது நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஒரே ஆள் எழுதியது என்று வாதிட்டார்; இன்று பெரும்பாலான அறிஞர்கள் அவர் பக்கம்தான். உள்ளே போலிக் கடிதங்கள், இல்லாத ஆசிரியர்கள். ஆரேலியன் வரலாற்றின் தொடக்கத்தில், எல்லா வரலாற்றாசிரியர்களும் ஏதாவது பொய் சொன்னவர்கள்தான், நீயும் விரும்பியபடி எழுது என்று ஒரு அதிகாரி ஆசிரியரிடம் சொல்வதாகவே ஒரு காட்சி வருகிறது. ஹேட்ரியன், மார்க்கஸ் ஆரேலியஸ் போன்ற முன்பகுதிகளில் நல்ல தகவல்கள் இருக்கின்றன. பின்னால் போகப் போக நம்பகத்தன்மை கரைகிறது. முதலில் இதைப் படித்தால் மனதில் பதிந்துவிடும், பிறகு அழிப்பது கடினம்.

எட்டாம் படி: நீங்களே ஒன்றைச் செய்து பாருங்கள்

அகஸ்டஸிடம் வந்த இந்தியத் தூதர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'ரெஸ் கெஸ்டே' 31: இந்தியாவிலிருந்து அரசர்களின் தூதுகள் அடிக்கடி வந்தன, இதற்கு முன் எந்த ரோமத் தளபதியிடமும் வந்ததில்லை. சூட்டோனியஸ், 'அகஸ்டஸ்' 21: ஒரே வரியில் கடந்துவிடுகிறார். டியோ 54.9: சாமோஸ் தீவில் தூதர்கள் புலிகளைத் தந்தார்கள், ரோமர்கள் புலியைப் பார்த்தது அதுவே முதல் முறை. புவியியலாளர் ஸ்டிராபோ, அகஸ்டஸ் காலத்திலேயே வாழ்ந்தவர், 15.1.4இல் தூது அனுப்பிய அரசரின் பெயரைத் தருகிறார்: பாண்டியோன், வேறு சிலர் சொல்வதன்படி போரஸ்.

பாண்டியன் என்று காதில் விழுந்ததும் நமக்கு உடல் சிலிர்க்கும். எனக்கும் சிலிர்த்தது. கோவை, கரூர்ப் பக்கம் மண்ணைத் தோண்டினால் அகஸ்டஸ், டைபீரியஸ் தலை பொறித்த வெள்ளிக் காசுகள் கிடைத்திருப்பதால் நம்பவும் ஆசைதான். ஆனால் அதே ஸ்டிராபோவை 15.1.73 வரை தொடர்ந்து படியுங்கள். அங்கே, சிரியாவின் அந்தியோக்கியாவில் தூதர்களை நேரில் சந்தித்த வரலாற்றாசிரியர் டமாஸ்கஸ் நிக்கோலஸ் சொன்னதை எடுத்துத் தருகிறார். வந்தவர்களில் உயிரோடு மிஞ்சியவர்கள் மூவர். தோலில் கிரேக்க மொழியில் எழுதிய கடிதம், அனுப்பியவர் பெயர் போரஸ். கூட வந்த ஒருவர் ஏதென்ஸில் சிரித்த முகத்தோடு தீயில் இறங்கினார். அவருடைய கல்லறையில் பொறித்த வரியையும் தருகிறார்: 'பார்கோசாவிலிருந்து வந்த இந்தியர் சர்மனோகேகஸ், இந்தியரின் முன்னோர் வழக்கப்படி தன்னை அழிவற்றவராக்கிக்கொண்டு இங்கே கிடக்கிறார்.' பார்கோசா என்பது குஜராத்தின் பரூச் துறைமுகம் என்று கொள்கிறார்கள்.

நோட்டில் நான்காவதாக ஒரு கோடு போட்டு, பாண்டியோன், போரஸ், பார்கோசா மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எந்தப் பெயரை அடிக்க உங்கள் கை தானாகப் போகிறது என்று பாருங்கள். அதை அடிக்காமல் அப்படியே விடுங்கள்.